கிளாடா ரெக்கார்ட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரிஷ் இசை கேட்பேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே "யூ2வா?" என்பார்கள். இல்லைங்க, டப்ளினில் ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் இருக்கிறது, அதன் பழைய தட்டுகளைத்தான் தேடித் தேடிக் கேட்கிறேன் என்று சொன்னால் அதற்கப்புறம் வருகிற கேள்விகள் எப்போதும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில், கிளாடா ரெக்கார்ட்ஸ் என்பது என்ன?

1959-ல் டப்ளினில் தொடங்கிய இசைத்தட்டு லேபிள். அயர்லாந்தின் மரபு இசை, கவிஞர்கள் தங்கள் குரலிலேயே வாசித்த கவிதைகள், இடையிடையே கொஞ்சம் மேற்கத்திய செவ்வியல் இசை, இவ்வளவுதான் அவர்கள் சரக்கு. சீஃப்டன்ஸ் குழுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்றால், அவர்களுடைய முதல் தட்டை வெளியிட்டவர்கள் இவர்கள்தான்.

பெயருக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. ஐரிஷ் மொழியில் கடற்கரை என்று பொருள். கால்வே நகரத்தை ஒட்டி இருந்த பழைய மீனவர் குடியிருப்பின் பெயரும் இதுதான். இரண்டு கைகள் ஒரு இதயத்தைப் பிடித்திருக்க, மேலே ஒரு கிரீடம் இருக்கும் மோதிரத்தைப் பார்த்திருப்பீர்கள், அதன் பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததே. ஆங்கில எழுத்தில் கடைசியில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து நிற்கும், அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். கிளாடா, அவ்வளவுதான்.

யார் தொடங்கினார்கள்?

இரண்டு பிரவுன்கள். கேரக் பிரவுன், ஐவர் பிரவுன். அண்ணன் தம்பியா என்று எல்லோரும் கேட்பார்கள், ஒரு உறவும் கிடையாது, குடும்பப் பெயர் ஒத்துப்போனது தற்செயல்.

ஐவருக்கு அப்போது 30 வயது, மருத்துவர். பிற்காலத்தில் அயர்லாந்தின் மிகப் பிரபலமான மனநல மருத்துவர்களில் ஒருவர் ஆனார். டப்ளினில் பேராசிரியராகவும் இருந்தார். நோயாளிகளைப் பெரிய மனநல மருத்துவமனைகளில் அடைத்து வைப்பதை எதிர்த்துக் கடைசிவரை பேசினார். இளவயதில் அவர் ஆக ஆசைப்பட்டது என்னவோ ஜாஸ் டிரம்பெட் கலைஞராகத்தான். அப்புறம் ஐரிஷ் இசைப் பக்கம் திரும்பி, இலன் பைப் என்ற ஐரிஷ் குழல் வாத்தியம் கற்றுக்கொள்ளப் போனார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் லியோ ரௌசம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். ஐவர் 2024 ஜனவரியில், 94 வயதில் காலமானார்.

கேரக்குக்கு அப்போது வயது 20. கின்னஸ் குடும்பத்துப் பேரன்.

கின்னஸ் என்றால், அந்த பீர் கின்னஸா?

அதேதான். அம்மா ஊனா கின்னஸ், அந்தக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் மதுவடிப்பு ஆலைக்கு 9000 ஆண்டுக் குத்தகை எழுதியது 1759-ல். சரியாக 200 வருடம் கழித்து, அந்தக் கறுப்பு பீரில் வந்த பணத்தில் கொஞ்சம் இப்படி இசைத்தட்டுப் பக்கம் ஒழுகியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வழியும் சுவாரசியம்தான். ஓரன்மோர் பிரபு என்று பட்டம். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் 70 வருடங்களுக்கு மேல் உறுப்பினராக இருந்தார், அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எழுந்து பேசியதில்லை. மகன் என்னடா என்றால் மற்றவர்கள் குரலைப் பதிவு செய்வதிலேயே வாழ்க்கையைக் கழித்தார். தம்பி டாரா பிரவுன் 1966 டிசம்பரில் லண்டனில் கார் விபத்தில் இறந்துபோனார், 21 வயது. பீட்டில்ஸின் ஒரு பிரபலமான பாட்டில் வரும் விபத்து அந்தச் சாவை வைத்து வந்தது என்பார்கள்.

கேரக் வாழ்ந்தது டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலைகளில், லகலா என்ற எஸ்டேட்டில். மாளிகைக்குக் கீழே லாக் டே என்று ஒரு ஏரி. சதுப்பு நிலத்துத் தண்ணீர் என்பதால் நீர் கருகருவென்று இருக்கும், ஒரு முனையில் வெள்ளை மணல். மேலிருந்து பார்த்தால் நுரையோடு ஊற்றி வைத்த கின்னஸ் கோப்பை மாதிரியே இருக்கும். அந்த வெள்ளை மணல் இயற்கையாக வந்ததில்லை, குடும்பத்தார் கொண்டுவந்து கொட்டியது. பணக்காரர்களின் நகைச்சுவை இப்படித்தான் போலிருக்கிறது.

ஆக, பணக்காரப் பையனின் பொழுதுபோக்கு. அப்படித்தானே?

அப்படியும் சொல்லலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். 1950-களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் போனார்கள், பெரும்பாலும் இங்கிலாந்துக்கு, கட்டட வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும். மொத்த ஜனத்தொகையே 30 லட்சத்துக்கும் கீழே இருந்த நாடு. கிராமத்துப் பாட்டு, ஃபிடில் (நம் வயலின்தான்), குழல் எல்லாம் வறுமையின் வாசனை அடிக்கும் விஷயங்களாக நகரத்து ஆட்களுக்குத் தோன்றிய காலம். 1920-களில் நியூயார்க்கில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் வாசித்துப் பதிந்த பழைய 78 சுற்றுத் தட்டுகள், அயர்லாந்து அரசு வானொலியான ரேடியோ ஐரன் கிராமம் கிராமமாக வண்டியில் போய் எடுத்த பதிவுகள், ஐரிஷ் மொழிக்காக 1953-ல் தொடங்கிய கேல் லின் அமைப்பு வெளியிட்ட சில தட்டுகள், கேட்க விரும்புபவனுக்கு இப்படித்தான் ஏதோ இருந்தது. ஒரு கலைஞரை உட்காரவைத்து, ஒரு முழு நீள எல்பி தட்டுக்கு, அவருக்குப் பிடித்தபடி வாசிக்கச் சொல்வதற்கு யாரும் முன்வரவில்லை. லாபம் பார்க்கிறவன் வரவும் மாட்டான். நஷ்டமானால் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லாத ஒருவன்தான் வர முடியும். எனக்குப் பல வருடமாகத் தோன்றுவது இதுதான்: கிளாடாவின் நல்லது, கெட்டது இரண்டுக்கும் காரணம் அந்தக் கவலையற்ற பணம். அவசரம் இல்லாததால்தான் இவ்வளவு நன்றாகச் செய்தார்கள், அவசரம் இல்லாததால்தான் இவ்வளவு மெதுவாகவும் செய்தார்கள்.

முதல் தட்டு யாருடையது?

நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன லியோ ரௌசம். 1959, வரிசை எண் சிசி1. தலைப்பு 'ரீ ந பீபரீ', குழல்காரர்களின் ராஜா. (ஐரிஷில் எழுதும்போது 'பீபரீ' என்ற சொல்லின் முன்னால் பி (b), பி (p) என்று இரண்டு வேறு எழுத்துகள் ஒட்டி நிற்கும், ஒலிப்பது முதலாவது மட்டும். நமக்கு இரண்டுமே ஒரே 'ப' என்பதால் இந்தத் தலைவலி இல்லை.)

ரௌசம் 1903-ல் பிறந்தவர். தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறையாகக் குழல் செய்கிறவர்கள், வாசிக்கிறவர்கள். டப்ளின் மாநகராட்சி இசைப் பள்ளியில் பதின்ம வயதிலேயே ஆசிரியராகச் சேர்ந்து, அரை நூற்றாண்டு அங்கேயே கற்றுக்கொடுத்தார். இலன் பைப் அழிந்துபோகாமல் இருந்ததற்கு ஒரே ஒரு ஆளைக் காரணமாகக் காட்டச் சொன்னால் பலர் இவரைத்தான் காட்டுவார்கள். 1970 செப்டம்பரில் ஸ்லைகோ பக்கம் ஒரு போட்டிக்கு நடுவராகப் போன இடத்திலேயே இறந்துபோனார்.

இலன் பைப் என்பது ஸ்காட்லாந்துக்காரர்கள் பாவாடை கட்டிக்கொண்டு ஊதுவார்களே, அதுவா?

இல்லை. உறவு உண்டு, ஆனால் குணம் வேறு. இதில் வாயால் ஊதுகிற வேலையே இல்லை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் துருத்தி, அதை அமுக்கி அமுக்கித்தான் பைக்குள் காற்று போகிறது. 'இலன்' என்றால் முழங்கை. உட்கார்ந்துதான் வாசிப்பார்கள், வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற அளவுச் சத்தம். விரல் வைக்கும் குழல் இரண்டு ஸ்தாயி போகும். அதைத் தொடைமேல் அழுத்தி மூடினால் சத்தம் நின்றுவிடும், அதனால் ஸ்வரங்களைத் துண்டு துண்டாக வெட்டி வாசிக்க முடியும். கூடவே மூன்று சுருதிக் குழல்கள் விடாமல் ரீங்கரிக்கும். அதுபோக சாவி வைத்த இன்னும் மூன்று குழல்கள், அவற்றை மணிக்கட்டால் தட்டினால் துணைக்குச் சேர்ந்திசை மாதிரி வரும். ஒரு ஆள் இத்தனையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். கற்றுக்கொள்ள 21 வருடம் என்று அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு: ஏழு வருடம் கற்க, ஏழு பழக, ஏழு வாசிக்க.

1968-ல் குழல்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தபோது நாட்டில் இதை வாசிப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை என்று அந்தச் சங்கத்தாரே சொல்வார்கள். 2017-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடுவில் நடந்ததில் கிளாடாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

சீஃப்டன்ஸ் எப்படி வந்தார்கள்?

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் கதை தலைகீழாகத் தெரியும். ஒரு குழு இருந்தது, அதை ஒரு லேபிள் கண்டுபிடித்தது என்று நினைக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. ஒரு தட்டு போடலாம் என்று கேரக் கேட்டதால் சேர்ந்த குழு அது.

பேடி மொலோனி டப்ளின் பையன், 1938-ல் பிறந்தவர், சின்ன வயதிலேயே ரௌசத்திடம் பைப் கற்றவர், கட்டுமானப் பொருள் விற்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலமானால் இசை. 1960-லிருந்து இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா அமைத்த கியோல்டோரி கூலன் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். ஓ ரியாடா செய்தது பெரிய காரியம். அதுவரை ஐரிஷ் இசை பல பேர் சேர்ந்து வாசித்தால் அது நடனத்துக்குத்தான்: எல்லோரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில், பின்னால் பியானோவும் டிரம்ஸும் தாளம் அடிக்க. ஓ ரியாடா, உட்கார்ந்து கேட்பதற்கென்று அதை அமைத்தார். ஒருவர் தனியாகத் தொடங்குவார், இன்னொருவர் வந்து சேர்வார், முதலாமவர் விலகுவார், இப்படி.

அந்த வழியில் மொலோனி தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1963-ல் ஒரு தட்டுக்குப் பதிவு செய்தார். மார்ட்டின் ஃபே ஃபிடில், ஷான் பாட்ஸ் டின் விசில், மைக்கேல் டப்ரிடி புல்லாங்குழலும் கான்சர்டினாவும், டேவிட் ஃபாலன் பவ்ரான் என்கிற தோல் வாத்தியம். குழுவுக்குப் பெயர் வேண்டும். கிளாடாவோடு நெருக்கமாக இருந்த கவிஞர் ஜான் மான்டேக் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு வைத்திருந்த தலைப்பில் 'சீஃப்டன்' என்று ஒரு சொல் இருந்தது, குலத்தலைவன் என்ற பொருளில், அதையே எடுத்துக்கொண்டார்கள். வரிசை எண் சிசி2.

கவனித்தீர்களா? முதல் தட்டு 1959, இரண்டாவதற்குப் பதிவு 1963. நான்கு வருடம்! நான் முன்னே சொன்ன 'மெதுவாக' என்பது இதுதான். சீஃப்டன்ஸின் இரண்டாவது தட்டு வந்தது 1969-ல். எல்லோரும் வேறு வேலையில் இருந்தவர்கள், அவர்களுக்கும் அவசரம் இல்லை.

அப்புறம் உலகப் புகழ் எப்படி?

1973-ல் வந்த நான்காவது தட்டில் 'மனா ந ஹேரன்', அயர்லாந்தின் பெண்கள், என்று ஒரு துண்டு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிதை ஒன்றுக்கு ஓ ரியாடா போட்ட மெட்டு. டெரிக் பெல் ஹார்ப் என்கிற நரம்பு வாத்தியத்தில் தொடங்குவார், மெதுவாக மற்றவர்கள் வருவார்கள். ஸ்டான்லி கூப்ரிக் இதை எடுத்து 1975-ல் வந்த 'பேரி லிண்டன்' படத்தில் வைத்தார். படத்துக்கு நான்கு ஆஸ்கர், அதில் ஒன்று இசைக்கு. அதே வருடம் மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலை சீஃப்டன்ஸ் நிரப்பினார்கள். அதற்கப்புறம்தான் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கலைஞர்கள் ஆனார்கள். வெளிநாடுகளில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் அவர்களை விற்க ஆரம்பித்தது.

மொலோனி கிளாடாவில் வேலையும் பார்த்தாராமே?

ஆமாம், பலருக்கு இது தெரியாது. 1968-லிருந்து 1975 வரை நிறுவனத்தை நடத்தியதே அவர்தான். கணக்கு தெரிந்தவர், இசை தெரிந்தவர், எல்லோரையும் சிரிக்கவைத்தே வேலை வாங்கத் தெரிந்தவர். அவர் காலத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள் அவர் கைபட்டு வந்தன. கிளாடா வெறும் ஆசையாக இருந்ததை மாற்றி நிறுவனமாக்கியது இந்த ஏழு வருடம் என்றுதான் நான் சொல்வேன். கேரக்குக்குக் காது இருந்தது, ஆனால் சாமான் ஏற்றி அனுப்பவும் ஒரு ஆள் வேண்டுமே. மொலோனி 2021 அக்டோபரில் இறந்தார்.

இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கவிஞர்களோடு என்ன வேலை?

கேரக்கைக் கேட்டிருந்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று திருப்பிக் கேட்டிருப்பாரோ என்னவோ. லகலாவில் அவர் வீட்டு மேசையைச் சுற்றிக் குழல்காரர்களும் கவிஞர்களும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

1960-களின் தொடக்கத்தில் பேட்ரிக் கவனாவைப் பதிவு செய்தார்கள், 'ஆல்மோஸ்ட் எவ்ரிதிங்' என்று தட்டு. மோனஹன் மாவட்டத்துச் சிறு விவசாயி வீட்டில் பிறந்த கவிஞர். 1955-ல் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை எடுத்துவிட்டார்கள். மீதி ஒரு நுரையீரலோடு, கரகரத்த குரலில், சில இடத்தில் திட்டுவது மாதிரியும் சில இடத்தில் தனக்குத்தானே முணுமுணுப்பது மாதிரியும் பேசுகிறார், வாசிக்கிறார். அழகான குரலில் நடிகர்கள் வாசித்த கவிதைத் தட்டுகள் எனக்குச் சலிப்பு, இது அப்படி இல்லை. 1967-ல் அவர் போய்விட்டார்.

ஆஸ்டின் கிளார்க், தாமஸ் கின்செல்லா, ஸ்காட்லாந்தின் ஹியூ மெக்டயர்மிட், கேலிக் மொழிக் கவிஞர் சோர்லி மெக்லீன், இப்படிப் பட்டியல் நீளும். 1968-ல் ஜான் மான்டேக்கோடு சேர்ந்து 'தி நார்தர்ன் மியூஸ்' என்ற தட்டில் வாசித்த இளைஞர் ஒருவர் அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் முதல் முழுத் தொகுப்பைக் கொண்டுவந்திருந்தார். ஷேமஸ் ஹீனி. நோபல் பரிசு வர இன்னும் 27 வருடம் இருந்தது.

நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் கிளாடா தட்டில் வாத்தியம் வாசித்திருக்கிறார் என்பது உண்மையா?

உண்மை! எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. 1966-ல் வந்த 'மெகௌரன் ஸ்பீக்கிங் பெக்கெட்'. ஜாக் மெகௌரன் டப்ளின் நடிகர், பெக்கெட்டின் எழுத்துக்காகவே பிறந்தவர் மாதிரியான குரல், 'எ ஜோ' என்ற தொலைக்காட்சி நாடகத்தை பெக்கெட் எழுதியதே அவரை மனதில் வைத்துத்தான். அந்தத் தட்டில் நாவல்களிலிருந்தும் நாடகங்களிலிருந்தும் பகுதிகளை அவர் பேசுகிறார். இடையே ஷூபர்ட் இசை. ஹார்மோனியம் வாசித்தவர் பெக்கெட்டின் உறவுக்காரர் ஜான் பெக்கெட், புல்லாங்குழல் அண்ணன் மகன் எட்வர்ட் பெக்கெட், கோங் என்கிற வெண்கலத் தட்டை அடித்தவர் சாட்சாத் சாமுவேல் பெக்கெட். தட்டின் உறையில் பெயரும் போட்டிருக்கிறார்கள். பேட்டிக்குக்கூட வாய் திறக்காத மனிதர், மூன்று வருடம் கழித்து நோபல் பரிசு அறிவித்தபோதும் விழாவுக்குப் போகவில்லை. அவரை ஒரு வெண்கலத் தட்டின் முன்னால் நிறுத்திய பெருமை இந்தச் சின்ன லேபிளுக்கு. அந்த ஒலி வரும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவேன், சிரிக்கக்கூடாத இடம்தான், என்ன செய்ய.

சோகமான தட்டு எது என்று கேட்டால்?

'ஓ ரியாடாஸ் ஃபேர்வெல்'. யோசிக்கவே வேண்டாம்.

1971 கோடையில், லகலா வீட்டிலேயே, ஷான் ஓ ரியாடா தனியாக ஹார்ப்சிகார்டில் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) உட்கார்ந்து பழைய ஐரிஷ் மெட்டுகளை வாசித்தார். கம்பி நரம்பு கட்டிய பழைய ஐரிஷ் ஹார்ப்பின் ஒலி அழிந்துபோய்விட்டது, அதற்கு மிக நெருக்கமாக வருவது ஹார்ப்சிகார்டுதான் என்பது அவர் எண்ணம். குடி ஏற்கெனவே அவர் உடம்பைத் தின்றிருந்தது. அக்டோபர் 3 அன்று லண்டன் மருத்துவமனையில் இறந்தார், 40 வயது. தட்டு 1972-ல் வந்தது. சில இடங்களில் விரல் தடுமாறுகிறது, வேகம் திடீரென்று விழுகிறது, அப்புறம் எங்கிருந்தோ ஒரு வரி வந்து நம்மை உட்காரவைக்கிறது. இன்னொருமுறை வாசித்துத் திருத்தலாம் என்று சொல்ல ஆள் இல்லாத பதிவு. வேறு கம்பெனி வெளியிட்டிருக்குமா என்று யோசிப்பேன்.

தீயணைப்பு வீரர் ஒருவர் தட்டு போட்டதாகச் சொல்கிறார்களே?

டாமி பாட்ஸ். சீஃப்டன்ஸில் விசில் வாசித்த ஷான் பாட்ஸின் சித்தப்பா பெரியப்பா முறை. டப்ளின் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர். உயிரோடு இருந்தபோது வந்த அவருடைய ஒரே எல்பி 1972-ன் 'தி லிஃபி பேங்க்ஸ்', தனி ஃபிடில், துணைக்கு ஒன்றுமே இல்லை. தெரிந்த நடன மெட்டுகள்தான், ஆனால் அவர் அவற்றை எடுத்து எங்கெங்கோ போகிறார், தாளத்தை நீட்டுகிறார், அடி எண்ணிக்கையை மீறுகிறார், நடுவில் செவ்வியல் இசையின் சாயலும் ஜாஸ் சாயலும் வந்து போகின்றன. ஆட முடியாது. முதல்முறை கேட்டபோது தட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அயர்லாந்தில் இன்றைக்கு வாசிக்கும் பல ஃபிடில்காரர்களுக்கு இந்த ஒரு தட்டு வேதம் மாதிரி.

வேறு யாரையெல்லாம் விடக்கூடாது?

கார்க், கெரி மாவட்டங்களின் எல்லையில் ஷ்லீவ் லூக்ரா என்ற பகுதி, போல்கா என்ற நடன மெட்டுகளுக்குப் பேர்போனது. அங்கிருந்து வந்த டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபர்ட், அண்ணன் தங்கை, இருவரும் ஒரே ஆசிரியரிடம் ஃபிடில் கற்றவர்கள், 1969-ல் 'தி ஸ்டார் அபவ் தி கார்ட்டர்' என்று சேர்ந்து வாசித்தார்கள். இரண்டு ஃபிடில் ஒரே மெட்டை வாசிக்கும்போது எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியாது. கால்வே பக்கத்து சாரா கீன், ரீட்டா கீன் சகோதரிகளின் பாட்டும் அப்படித்தான், இரண்டு குரல் ஒரே கோட்டில், மயிரிழை முன்பின்னாக. பிறகு டெரிக் பெல்லின் 'கரலன்ஸ் ரிசீட்', 1738-ல் இறந்த பார்வையற்ற ஹார்ப் கலைஞர் கரலனின் மெட்டுகள்.

லாபம் வந்ததா?

இப்படிப் பாருங்கள்: துணை வாத்தியமில்லாத ஃபிடில், ஸ்காட்ஸ் மொழியில் இரண்டு எல்பி நீளத்துக்கு ஒரே கவிதை, ஒரு நுரையீரல் கவிஞர். இந்தப் பட்டியலை ஒரு வியாபாரி முன்னால் வைத்தால் மரியாதையாக எழுந்து போய்விடுவார். சீஃப்டன்ஸ் மட்டும்தான் எந்தக் கடையிலும் விலைபோகும் சரக்கு. இருந்தாலும் செலவில் கஞ்சத்தனம் இருந்த மாதிரித் தெரியவில்லை. தட்டின் உறைக்குறிப்பை நிஜமாகவே விஷயம் தெரிந்தவர்களை எழுதச் சொன்னார்கள், சீஃப்டன்ஸ் முதல் தட்டின் உறையைச் சிற்பி எட்வர்ட் டிலேனி செய்தார். டப்ளின் டெம்பிள் பார் பகுதியில் சிசிலியா தெருவில் பல ஆண்டுகள் ஒரு கடையும் வைத்திருந்தார்கள், மற்ற சின்ன லேபிள்களின் ஐரிஷ் தட்டுகளும் அங்கே கிடைக்கும்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு?

கேரக்கின் திருமணம். 1981-ல் பம்பாயில், குஜராத்தின் மோர்வி அரச குடும்பத்து இளவரசி ஹர்ஷத் பூர்ணா தேவியை மணந்தார். இசைத்தட்டில் அதன் தடம் எதுவும் நான் கண்டதில்லை, எதிர்பார்த்து ஏமாந்ததுதான் மிச்சம்.

இதுபோல வேறு ஐரிஷ் லேபிள்கள் உண்டா?

உண்டு. கேல் லின் பற்றிச் சொல்லிவிட்டேன், ஓ ரியாடாவின் பெரும்பாலான தட்டுகள் அவர்களிடம்தான். 1970-களில் முல்லிகன் என்று ஒன்று, பாத்தி பேண்ட் குழுவின் தட்டுகள் அங்கே. வடக்கே பெல்ஃபாஸ்டில் டெரி ஹூலி என்பவர் நடத்திய குட் வைப்ரேஷன்ஸ், 1978-ல் அண்டர்டோன்ஸ் குழுவின் முதல் பங்க் தட்டைப் போட்டது. அது தனிக் கதை, குண்டு வெடிக்கும் ஊரில் பாட்டுக் கடை திறந்த கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கிளாடா இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. 1980-களுக்குப் பிறகு வேகம் இன்னும் குறைந்தது, ஆனாலும் 2003-ல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: 'தி போயட் அண்ட் தி பைப்பர்', ஹீனி கவிதை வாசிக்க, லியம் ஓஃப்ளின் பைப் வாசிக்கிறார். ஓஃப்ளின் யாரிடம் கற்றவர்? லியோ ரௌசத்திடம்.

கேரக் 2018 மார்ச்சில் லண்டனில் இறந்தார். அதற்குப் பிறகு யூனிவர்சல் மியூசிக் அயர்லாந்தோடு உரிம ஒப்பந்தம் போட்டு, பழைய தட்டுகள் சுத்தம் செய்யப்பட்டு மறுபடி வர ஆரம்பித்தன, இணையத்திலும் கிடைக்கின்றன. பெரிய கம்பெனி கையில் போனது எனக்கு முதலில் உறுத்தியது. பாட்ஸ் தட்டைப் போனில் கேட்ட அன்றைக்கு உறுத்தல் போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன். 2023-ல் ஆக்ஸன் என்ற டப்ளின் குழுவை எடுத்தார்கள். லங்கம் குழுவின் ரேடி பீட் அதில் பாடுகிறார். பழைய கதைப்பாடல்கள், இருட்டான மின்னொலி. 18 வருடத்தில் கிளாடா எடுத்த முதல் புதிய ஒப்பந்தம் அது. 18 வருடம்! வேகம் மாறவே இல்லை பாருங்கள்.

நான் எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

சீஃப்டன்ஸின் நான்காவது தட்டு. பிறகு டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபர்ட். ரௌசத்தை மூன்றாவதாக வையுங்கள். சரித்திரப்படி அதுதான் முதல் என்றாலும், பழக்கமில்லாத காதுக்கு ஒரு முழுத் தட்டு பைப் கனமாக இருக்கும். பாட்ஸை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஓ ரியாடாவை ராத்திரியில் கேளுங்கள், காரில் போட வேண்டாம்.

பழைய எல்பியே வாங்கலாமா?

உறைக்குறிப்புக்காக வாங்கலாம், இணையத்தில் பாட்டு வரும், அந்தக் குறிப்பு வராது. கனமான அட்டையோடு, மூலை மடங்காமல் அனுப்புவீர்களா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் வாங்கிய ஒன்று, மெல்லிய உறைக்குள் வெறும் செய்தித்தாள் சுற்றி, சித்திரை வெயிலில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்பளம் மாதிரி வளைந்து வந்து சேர்ந்தது. பெக்கெட் கோங் அடிக்கும் அந்தத் தட்டு. ஊசி மேலும் கீழும் போகப் போக மெகௌரன் குரல் அலைபாயும். மாற்றித் தரமாட்டேன் என்று விட்டார் விற்றவர், நானும் இன்னும் அதைத்தான் போட்டுக் கேட்கிறேன்.